மறதி நோய்க்கு மூலிகை: துணை என்றால் எவ்வளவு துணை?

வீட்டுப் பெரியவருக்கு டிமென்ஷியா என்று மருத்துவர் சொல்லி ஒரு வாரம் ஆகியிருக்காது. மருந்துப் பெட்டிக்குள் மூன்று புதிய புட்டிகள் வந்து உட்கார்ந்திருக்கும். ஒன்று, வெளியூரில் இருக்கும் மகள் வாங்கி அனுப்பிய, ஜின்கோ பைலோபா என்ற மரத்தின் இலைச்சாறு. இன்னொன்று, பக்கத்து வீட்டு மாமி கொடுத்த வல்லாரைப் பொடி. மூன்றாவது, குடும்ப வாட்ஸப் குழுவில் வந்த வீடியோவைப் பார்த்து யாரோ வாங்கிய மஞ்சள் கேப்சூல். "மூலிகைதானே, என்ன கெட்டுவிடப் போகிறது?" என்று ஒரு தரப்பு. "எல்லாம் காசு பிடுங்கும் வேலை" என்று இன்னொரு தரப்பு.

இரண்டு தரப்புமே ஒரு விஷயத்தைக் கவனிப்பதில்லை. டிமென்ஷியாவுக்கு மருந்துக்கடையில் சீட்டு காட்டி வாங்குகிற மாத்திரைகளில் இரண்டு, செடியிலிருந்து வந்தவை. ஆகவே "மூலிகையா, இங்கிலீஷ் மருந்தா" என்ற சண்டையால் ஒன்றும் விளங்காது. எந்தச் செடி, அதில் எந்தப் பொருள், எவ்வளவு, யாருக்கு, எதற்காக என்று கேட்டால்தான் ஏதாவது பிடிபடும்.

முதலில் நோயைப் பற்றி நாலு வரி. டிமென்ஷியா ஒரே ஒரு நோயின் பெயர் கிடையாது. மூளை செல்கள் பழுதாகி நினைவு, பேச்சு, முடிவெடுக்கும் திறன், நடத்தை எல்லாம் அன்றாட வாழ்க்கையைப் பாதிக்கும் அளவுக்குக் குறைந்துபோகும் நிலைக்கு அது பொதுப்பெயர். அதில் அதிகம் காணப்படுவது அல்சைமர். மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் அடைபட்டு வருவது இன்னொரு வகை. வேறு சிலவும் உண்டு. கல்யாண வீட்டில் பார்த்த சொந்தக்காரர் பெயர் சட்டென்று வராமல், வீட்டுக்கு வந்த பிறகு ஞாபகம் வருவது வயதின் வேலை. நாற்பது வருடம் ரசம் வைத்தவர், புளியைக் கரைத்துக் கையில் வைத்துக்கொண்டு அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் நிற்பது வேறு. இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேர், அதாவது சுமார் 88 லட்சம் பேர், டிமென்ஷியாவோடு வாழ்கிறார்கள் என்று 2023-ல் வெளியான நாடு தழுவிய ஆய்வு மதிப்பிட்டது.

மூலிகைப் பக்கம் போகும் முன் இன்னொன்று. மறதியெல்லாம் டிமென்ஷியா ஆகாது. பி12 வைட்டமின் குறைவு, தைராய்டு குறைவு, மனச்சோர்வு, தலையில் அடிபட்டு உள்ளே மெல்லக் கசியும் ரத்தம், சில மாத்திரைகள் எல்லாமே டிமென்ஷியா போலவே வேடம் போடும். இவற்றில் பலவற்றைச் சரிசெய்ய முடியும். ரத்தப் பரிசோதனை செய்யாமல் ஆறு மாதம் வல்லாரைப் பொடி கொடுத்துக் காத்திருப்பதில் உள்ள பெரிய நஷ்டம் இதுதான். பொடி கெடுதல் செய்யாமலே இருக்கலாம். போன ஆறு மாதம் திரும்பி வராது.

கொலைகார அவரையும் பனிக்காலப் பூவும்

இன்றைய நைஜீரியாவின் தென்கிழக்கில் கலபார் என்று ஓர் ஊர். 19-ஆம் நூற்றாண்டில் அங்கே குற்றம் சாட்டப்பட்டவருக்கு ஒரு கொடியின் அவரை விதையை அரைத்துக் கரைத்துக் குடிக்கக் கொடுப்பார்கள். வாந்தி எடுத்துப் பிழைத்தால் நிரபராதி. செத்துப்போனால் குற்றவாளி. 1855-ல் ராபர்ட் கிறிஸ்டிசன் என்ற எடின்பரோ மருத்துவர், அது உடம்பை என்ன செய்கிறது என்று பார்க்க ஒரு துண்டைத் தானே மென்று விழுங்கினார். நிலைமை மோசமாவது தெரிந்ததும், சவரம் செய்துவிட்டு வைத்திருந்த தண்ணீரை எடுத்துக் குடித்து வாந்தி எடுத்துத் தப்பினார். ஆராய்ச்சி ஆர்வம் என்றால் இப்படியா என்று கேட்கத் தோன்றுகிறது. 1864-ல் அந்த விதையிலிருந்து ஃபைசோஸ்டிக்மின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்கள். நூறு வருடத்துக்கும் மேல் கழித்து, 1980-களில், ஜெருசலேம் ஹீப்ரு பல்கலைக்கழகத்தின் மார்த்தா வைன்ஸ்டாக் அதன் அமைப்பை அடிப்படையாக வைத்து உருவாக்கியதுதான் ரிவாஸ்டிக்மின். இன்று மாத்திரையாகவும், தோலில் ஒட்டும் பட்டையாகவும் டிமென்ஷியாவுக்குக் கொடுக்கிறார்கள்.

இரண்டாவது கதை கொஞ்சம் சாதுவானது. பனி உருகும் நேரத்தில் தரையோரம் தலை கவிழ்ந்து பூக்கும் ஸ்னோடிராப் என்ற வெள்ளைப்பூ காக்கசஸ் மலைப் பக்கம் வளர்கிறது. அதன் கிழங்கிலிருந்து கிடைத்த காலன்டமினை 1950-களில் சோவியத் ஆய்வாளர்கள் சோதித்தார்கள். பல்கேரியாவில் திமிதர் பாஸ்கோவ் அதை மருந்தாக்கினார். முதலில் போலியோ பாதிப்புக்கும் தசை பலவீனத்துக்கும்தான் கொடுத்தார்கள். அல்சைமருக்கான மருந்தாக அமெரிக்கா அதை 2001-ல் அங்கீகரித்தது.

இரண்டும் மூளையில் செய்யும் வேலை ஒன்றுதான். நரம்பு செல்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள சில ரசாயனங்கள் வேண்டும். அதில் அசிட்டைல்கோலின் என்பது கவனத்துக்கும் நினைவுக்கும் முக்கியமானது. அல்சைமரில் இதைச் சுரக்கும் செல்கள் மெல்ல மெல்ல அழிகின்றன. சுரந்த அசிட்டைல்கோலினை உடனுக்குடன் உடைத்துப்போட ஒரு நொதியும் இருக்கிறது. வரத்து வாய்க்கால் தூர்ந்துபோன குளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வரும் தண்ணீர் குறைந்துவிட்டது, கரையில் கசிவும் இருக்கிறது. இந்த மருந்துகள் கசிவை அடைக்கின்றன, அதாவது அந்த நொதியைத் தடுக்கின்றன. இருக்கும் தண்ணீர் இன்னும் கொஞ்ச நாள் வயலுக்குப் பாயும். ஆனால் வாய்க்காலில் தூர் வாரியது யாரும் இல்லை. அதனால்தான் இவற்றால் சிலருக்கு ஓரளவு தெளிவு கிடைக்கிறது, நோய் மட்டும் உள்ளே தன் போக்கில் போய்க்கொண்டே இருக்கிறது. குமட்டல், வயிற்றுப்போக்கு, நாடித்துடிப்பு குறைவது போன்ற பக்கவிளைவுகளும் உண்டு.

இதற்கு நேர்மாறான செடி நம் ஊர் வேலியோரத்திலேயே நிற்கிறது. ஊமத்தை. அதிலுள்ள அட்ரோபினும் ஸ்கோபோலமினும் அசிட்டைல்கோலின் போய்ச் சேர வேண்டிய இடத்தில் முந்திக்கொண்டு உட்கார்ந்துவிடும். குளத்தில் தண்ணீர் இருந்தும் வயலுக்குப் போகும் மடையை மூடிவிட்ட மாதிரி. ஊமத்தங்காய் தின்றவர் சித்தம் கலங்கிப் பிதற்றுவார் என்று ஊரில் சொல்வது இதைத்தான். அதே வேலையைச் சிறிய அளவில் செய்யும் சளி, அரிப்பு, தூக்க மாத்திரைகள் சில உண்டு. டிமென்ஷியா உள்ளவருக்கு அவற்றைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது. மூலிகை என்றாலே மூளைக்கு இதம் என்று நினைப்பவர்களுக்கு ஊமத்தை ஒன்றே போதுமான பதில்.

எக்ஸ்ட்ராக்ட் என்றால்?

கைப்பிடி வல்லாரை இலையைத் துவையல் அரைத்தால் அது உணவு. நிழலில் காயவைத்து இடித்தால் சூரணம். தண்ணீரில் கொதிக்கவிட்டு வற்றவைத்தால் கஷாயம். நெய்யில் காய்ச்சி எடுத்தால் பிரமி நெய் மாதிரி ஒன்று. புட்டி மேல் எக்ஸ்ட்ராக்ட் என்று போட்டிருப்பது இதற்கும் ஒரு படி மேலே. செடியைத் தண்ணீரிலோ ஆல்கஹாலிலோ வேறு கரைப்பானிலோ ஊறவைத்து, கரைந்து வந்ததைப் பிரித்து, வற்றவைத்து அடர்த்தியாக்கியது.

ஃபில்டர் காபி போடுகிறவர்களுக்கு இதில் உள்ள சிக்கல் சட்டென்று புரியும். பொடி ஒன்று, ஃபில்டர் ஒன்று. ஆனால் முதல் டிகாக்ஷனும் இரண்டாவது டிகாக்ஷனும் ஒன்றா? வெந்நீரின் சூடு, ஊறிய நேரம், பொடியின் அரைப்பு என எதை மாற்றினாலும் சுவை மாறும். செடிக்கு இதோடு மண், பருவம், இலையின் முதிர்ச்சி எல்லாம் சேர்ந்துகொள்ளும். அதனால் நல்ல ஆய்வுகளில் பயன்படுத்தும் சாற்றில் குறிப்பிட்ட பொருள் இத்தனை சதவீதம் இருக்க வேண்டும் என்று அளந்து கட்டுப்படுத்துகிறார்கள். ஓர் ஆய்வில் ஒரு சாறு பலன் தந்தது என்றால், அந்தச் சாறு தந்தது என்று மட்டுமே பொருள். அதே பெயரில் கடையில் தொங்கும் எல்லாப் பாக்கெட்டுகளுக்கும் அந்தப் பெருமையைப் பிரித்துக் கொடுக்க முடியாது.

இதற்கு ஜின்கோவைவிட நல்ல உதாரணம் இல்லை. சீனாவிலிருந்து வந்த பழங்காலத்து மரம், இலை விசிறி போல இருக்கும். ஜெர்மனியில் இதன் இலையிலிருந்து ஈ.ஜி.பி 761 என்ற சாற்றைத் தயாரிக்கிறார்கள். ஃபிளேவனாய்டு வகைப் பொருள்கள் சுமார் 24 சதவீதம், டெர்ப்பீன் வகை சுமார் 6 சதவீதம் இருக்கும்படியும், ஒவ்வாமை தரக்கூடிய ஜின்கோலிக் அமிலம் பத்து லட்சத்தில் 5 பங்குக்கு மேல் போகாதபடியும் பார்த்துக்கொள்கிறார்கள். அந்த அமிலத்தை நீக்காமல் வெறும் இலையைக் காயவைத்துத் தேநீர் போட்டால் அது வேறு பொருள்.

சரி, பலன் உண்டா? அமெரிக்காவில் 75 வயதைத் தாண்டிய 3,069 பேரை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு இந்தச் சாறு தினம் 240 மில்லிகிராம், மற்றதற்கு அதே போலத் தோன்றும் போலி மாத்திரை என்று சுமார் ஆறு வருடம் கொடுத்துப் பார்த்தார்கள். 2008-ல் முடிவு வந்தது. ஜின்கோ எடுத்தவர்களில் 277 பேருக்கும் எடுக்காதவர்களில் 246 பேருக்கும் டிமென்ஷியா வந்திருந்தது. வராமல் தடுக்க ஜின்கோ உதவவில்லை, அவ்வளவுதான். ஆனால் கதை அங்கே முடியவில்லை. ஏற்கெனவே லேசான அல்லது நடுத்தர டிமென்ஷியா உள்ளவர்களுக்கு, குறிப்பாகப் பதற்றம், எரிச்சல் போன்ற தொந்தரவுகளும் சேர்ந்து இருப்பவர்களுக்கு, ஆறு மாத அளவில் சின்ன முன்னேற்றம் தெரிந்ததாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன. ஐரோப்பிய மருந்து முகமையின் மூலிகைக் குழு லேசான டிமென்ஷியாவில் இதைப் பயன்படுத்தலாம் என்கிறது. பல ஆய்வுகளைச் சேர்த்து அலசிய காக்ரேன் குழுவோ 2009-ல், முடிவுகள் ஒன்றுக்கொன்று முரணாக இருக்கின்றன, நம்பி எதையும் சொல்ல முடியாது என்றது.

நோய் வராமல் தடுப்பது, வந்த நோயை மெதுவாக்குவது, தொந்தரவைக் கொஞ்சம் குறைப்பது. மூன்றும் மூன்று கேள்விகள். விளம்பரங்கள் மூன்றையும் ஒரே வாக்கியத்தில் குழைத்துவிடும். துணை சிகிச்சை, அதாவது மருந்தோடு சேர்த்துக் கொடுப்பது, என்ற பேச்சு மூன்றாவது கேள்விக்குள்தான் பெரும்பாலும் வரும்.

நம் ஊர்ச் செடிகள்

பரீட்சைக்கு முன் வல்லாரைத் துவையல் சாப்பிட வைக்கப்படாத பிள்ளைகள் தமிழ்நாட்டில் குறைவு. எனக்கும் அந்தக் கசப்பு நினைவிருக்கிறது, படித்தது எவ்வளவு நினைவில் நின்றது என்பதுதான் நினைவில்லை. இதில் பெரிய சிக்கல் பெயரில் தொடங்குகிறது. வட இந்தியாவின் பல இடங்களில் பிராமி என்று விற்பது நம் வல்லாரை. கேரளத்திலும் இங்கும் பிரமி என்றால் நீர்ப்பிரமி. வாய்க்கால் ஓரத்திலும் வயல் ஈரத்திலும் படரும், தடித்த சின்ன இலையும் வெளிர்ப் பூவும் கொண்ட செடி. இரண்டும் வேறு வேறு குடும்பம், உள்ளே இருக்கும் வேதிப்பொருள்களும் வேறு. சங்கபுஷ்பி இன்னும் குழப்பம். ஓர் ஊரில் அது விஷ்ணுகிராந்தி, இன்னோர் ஊரில் நீலச் சங்குப்பூ, வடக்கே வேறொரு செடி. புட்டியில் தாவரவியல் பெயர் இல்லை என்றால் உள்ளே என்ன இருக்கிறது என்று நீங்கள் ஊகிக்கத்தான் வேண்டும்.

நீர்ப்பிரமியைப் பற்றி நல்ல ஆய்வுகள் நடந்திருக்கின்றன. லக்னோவின் மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் அதிலுள்ள பக்கோசைடு என்ற பொருள்களைப் பல காலம் ஆராய்ந்தது. ஆரோக்கியமான பெரியவர்களுக்குத் தினம் 300 மில்லிகிராம் அளவில் 12 வாரம் கொடுத்த சில ஆய்வுகளில், கற்றதை நினைவில் வைக்கும் சோதனையில் கொஞ்சம் முன்னேற்றம் தெரிந்தது. இங்கே "ஆரோக்கியமான" என்ற சொல்லை அடிக்கோடிட்டுப் படியுங்கள். நன்றாக இருக்கும் மூளைக்குக் கிடைத்த சிறு பலன், செல்கள் அழிந்துகொண்டிருக்கும் மூளைக்கும் கிடைக்கும் என்று நாமாக எடுத்துக்கொள்ள முடியாது. டிமென்ஷியா உள்ளவர்களிடம் நடந்தவை சிறிய ஆய்வுகள். வல்லாரையின் நிலை இதைவிடப் பின்தங்கியது. எலியில் நடந்த ஆய்வுகள் நிறைய, மனிதரில் கொஞ்சம்.

மஞ்சளைப் பற்றிய பேச்சுக்கு ஒரு சுவையான பின்னணி உண்டு. ஹரியானாவின் பல்லப்கர் பகுதிக் கிராமங்களில் 65 வயதுக்கு மேற்பட்டவர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2001-ல் வெளியானது. ஆயிரம் பேரை ஒரு வருடம் பார்த்தால் சுமார் 5 பேருக்குத்தான் அங்கே புதிதாக அல்சைமர் வந்தது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஒப்பிட்ட பகுதியில் அது 17.5. உடனே பலரும் மஞ்சளைக் கை காட்டினார்கள். மஞ்சள் சாப்பிடாத இந்தியக் கிராமம் எங்கே இருக்கிறது, எதோடு ஒப்பிட்டு இதைச் சொல்வது என்பது என் கேள்வி. ஆயுள் குறைவு, கண்காணித்த காலம் குறைவு என்று ஆய்வாளர்களே வேறு காரணங்களையும் யோசித்தார்கள்.

சோதனைக்குழாயில் மஞ்சளின் குர்குமின் பிரமாதமாக வேலை செய்கிறது, அல்சைமரில் மூளையில் படியும் புரதத்தோடு ஒட்டிக்கொள்கிறது. வயிற்றில் போட்டால் பெரும்பகுதி ரத்தத்துக்கே வந்து சேர்வதில்லை. லாஸ் ஏஞ்சலிஸில் அல்சைமர் உள்ள 36 பேரைப் பிரித்து, தினம் 2 கிராம், 4 கிராம், போலி மாத்திரை என்று 24 வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். 2012-ல் வந்த முடிவு: பலன் இல்லை, ரத்தத்தில் அளவும் சொற்பம். டிமென்ஷியா இல்லாத 40 பேரில் ஒரு குழுவுக்கு நன்றாக உறிஞ்சப்படும்படி செய்த குர்குமினும், மற்றதற்குப் போலி மாத்திரையும் 18 மாதம் கொடுத்த 2018 ஆய்வில், குர்குமின் எடுத்தவர்களின் நினைவாற்றல் சற்றுக் கூடியது. நம்பிக்கை தரும் செய்திதான். ஆனால் 40 பேர்.

குங்குமப்பூவும் இந்த வரிசையில் இருக்கிறது. டெஹ்ரானில் தினம் 30 மில்லிகிராம் கொடுத்த சின்ன ஆய்வுகளில் போலி மாத்திரையைவிட நன்றாக இருந்தது, அல்சைமருக்கு வழக்கமாகத் தரும் டோனெபெசில் மாத்திரைக்கு ஈடாகவும் நின்றது. சில டஜன் பேர், சில மாதங்கள், அவ்வளவே. பெரிய ஆய்வு வந்தால் பார்க்கலாம். இதில் கலப்படம் அதிகம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

போலி மருந்தோடு ஒப்பிடும்போது, எது எது என்று தெரியாமல் மதிப்பிடுவதை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறார்கள் என்பதற்கு எலுமிச்சை வாசம் வீசும் மெலிசா எண்ணெயின் கதை ஒன்று போதும். 2002-ல் பிரிட்டன் முதியோர் இல்லங்களில் முற்றிய டிமென்ஷியா உள்ள 72 பேரில் பாதிப் பேருக்கு அந்த எண்ணெயையும் மீதிப் பேருக்குப் போலி எண்ணெயையும் முகத்திலும் கையிலும் தடவினார்கள். மெலிசா தடவியவர்களுக்குப் பதற்றம் நன்றாகக் குறைந்தது. பிறகு 2011-ல், மதிப்பிடுபவர்களுக்கு எது எந்த எண்ணெய் என்று தெரியாமலிருக்கக் கூடுதல் கவனம் எடுத்து வேறொரு குழு சோதித்தபோது, போலி எண்ணெயைவிட அது மேலாக நிற்கவில்லை. இரண்டு குழுவிலும் பலருக்குப் பதற்றம் குறைந்திருந்தது. தினம் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துத் தடவிவிட்டதுதான் வேலை செய்ததோ என்று எனக்குத் தோன்றுகிறது.

புட்டியைத் திறக்கும் முன்

வயதானவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே நாலைந்து மாத்திரை சாப்பிடுகிறவர்கள். ரத்தம் கட்டாமல் இருக்க ஆஸ்பிரினோ வார்ஃபரினோ எடுப்பவர் கூடவே ஜின்கோவும் எடுத்தால் ரத்தக்கசிவு அபாயம் கூடலாம். பல் பிடுங்குவதானாலும் அறுவை சிகிச்சையானாலும் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். மஞ்சள் கேப்சூலில் உறிஞ்சுதலைக் கூட்ட மிளகின் பைப்பரின் சேர்ப்பார்கள். அது வலிப்பு மாத்திரையான ஃபெனிடாயின் போன்றவற்றின் அளவையும் ரத்தத்தில் ஏற்றிவிடும். அடர்த்தியாக்கிய மஞ்சள் சாற்றுக் கேப்சூலாலும் அமுக்கராவாலும் கல்லீரல் பாதிக்கப்பட்ட சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. அதிமதுரம் அதிகமானால் ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும். நீர்ப்பிரமி சிலருக்கு வயிற்றைக் கலக்கும். டோனெபெசிலும் அதையே செய்யும் என்பதால் இரண்டும் சேர்ந்தால் பசியே போய்விடலாம். டிமென்ஷியா உள்ளவர் எடை குறைவது சின்ன விஷயம் இல்லை.

அப்புறம் கலப்பு. அமெரிக்காவின் பாஸ்டன் பகுதிக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளைச் சோதித்து 2004-ல் வெளியான ஆய்வில், 14-இல் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது. ஈயம் மூளையைத் தாக்கும் நஞ்சு. நினைவுக்கென்று வாங்கும் மருந்திலேயே அது இருந்தால் என்ன சொல்ல?

இவ்வளவுக்குப் பிறகும் கொடுத்துப் பார்க்க விரும்பினால், அதில் தவறில்லை, முறையாகச் செய்யுங்கள். அலோபதி மருத்துவரிடம் சித்த மருந்தைச் சொன்னால் திட்டுவார் என்று மறைப்பது நம் வீடுகளில் வழக்கம். இரண்டு பக்க மருத்துவருக்கும் எல்லாப் புட்டிகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போய்க் காட்டுங்கள். எழுதிக் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிட்டு மூலிகைக்கு மாறாதீர்கள். துணை என்றால் கூடவே வருவது. ஒரே நேரத்தில் மூன்றைத் தொடங்கினால் நல்லதோ கெட்டதோ எதனால் வந்தது என்று தெரியாது, ஒன்றை மட்டும் தொடங்குங்கள்.

தொடங்கும் முன் ஒரு நோட்டுப் புத்தகத்தில் நாலு விஷயங்களை எழுதி வையுங்கள். ராத்திரி எத்தனை முறை எழுந்தார், ஒரே கேள்வியை எத்தனை தடவை கேட்டார், தானாகக் குளித்தாரா, எவ்வளவு சாப்பிட்டார். டிமென்ஷியாவில் நல்ல நாளும் மோசமான நாளும் மாறி மாறி வரும். நல்ல நாள் அன்று "பொடி வேலை செய்கிறது" என்று எல்லோரும் சந்தோஷப்படுவோம், மோசமான நாளை மறந்துவிடுவோம். மூன்று மாதம் கழித்து நோட்டைப் பார்த்து ஒரு மாற்றமும் இல்லை என்றால் நிறுத்திவிட்டு, அந்தப் பணத்தில் வாரம் இரண்டு நாள் பார்த்துக்கொள்ள ஆள் வைத்துக்கொள்ளுங்கள்.

வல்லாரைத் துவையலை நிறுத்தச் சொல்லவில்லை. அது சாப்பாடு, வாரம் ஒரு நாள் தாராளமாக அரைக்கலாம். நோய் முற்றிய நிலையில் விழுங்குவதே சிரமமாகும்போது கேப்சூல் தொண்டையில் சிக்கும், நைசாக அரைத்துக் குழைந்த சோற்றில் பிசைந்த துவையல் இறங்கும். சிலருக்கு அந்தப் புளிப்பும் கசப்பும் நாக்கில் பட்டதும் அம்மா வீட்டுச் சமையலறை ஞாபகம் வருகிறது. அரைத்துக் கொடுத்த மகளின் பெயர் அப்போதும் வராமல் இருக்கலாம்.